ஏழாம் அறைக்கு அடியில் எழுந்த பாறை

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஆடியில், மங்கலத்தில் செங்கோட்டையன் கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகளில் ஏழாம் அறை மட்டும் ஒரு முழம் மேலே போயிருந்தது. அடியிலிருந்த பாறை எழுந்திருந்தது. உள்ளே குடியிருந்தவள் கோவில்பட்டிப் பக்கத்துச் செல்லத்தாய், வீட்டிலேயே ஓவர்லாக் மெஷின் போட்டு பனியன் தைப்பவள். தையல் கோணவில்லை, அதனால் வாசலில் நாலு செங்கல் அடுக்கி ஏறிப்போய் வேலையைப் பார்த்தாள்.

செங்கோட்டையன் இருபது வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். பனியன் துணி ஒரு தண்ணி பட்டால் சுருங்கும். பாறையும் அப்படித்தான் என்று ஐப்பசி மழைக்குக் காத்திருந்தார். மழையில் பாறை வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாக உரிந்து, இன்னும் இரண்டு முழம் உயர்ந்தது. பக்கத்துச் சுவர்கள் விரிசல் விட்டன. தை பிறப்பதற்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார், இடித்துப் பாறையை உடைக்க வேண்டுமாம். மெஷின் சத்தத்துக்குப் பயந்து ஊரில் வேறு யாரும் அவளுக்கு அறை தரவில்லை.

உடைக்க வந்தவர் திருமுருகன்பூண்டிச் சிற்பி வீரணன். ஓரத்தில் நாலு வண்டிக் கல் எடுத்தார். பாறை மேலும் நாலு முழம் ஏறியது. செல்லத்தாய் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று மெஷினை இறக்கி வைத்தாள். எல்லோரும் பார்த்திருக்க பாறை இன்னொரு சாண் ஏறியது. வீரணன் பாறையில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"அடியில கல்லே கூழாட்டம் இருக்குதுங்க. அதுமேல இது மெதக்குது. பாரம் கொறையக் கொறைய எந்திரிக்கும்."

"இப்ப என்னங்க பண்றது?" என்றார் செங்கோட்டையன்.

"மேல இருக்கறதுல ஒண்ணையும் எறக்காதீங்க. அந்தப் புள்ளையையுந்தான்."

செங்கோட்டையன் துண்டைச் சும்மாடாகச் சுற்றி, மெஷினைத் தானே தலையில் தூக்கி மேலே கொண்டுபோய் வைத்தார். இறங்கி வந்து கேட்டார்.

"அம்மிணி, ஊர்ல உங்கம்மா தனியாத்தான இருக்கறாங்க? கூட்டிட்டு வந்துரு. தங்கச்சியையும்."

"அம்மா ரொம்ப மெலிவு அண்ணாச்சி. பரவாயில்லையா?"

"சோறு போட்டுத் தேத்திக்கலாம்."

அம்மாவும் தங்கையும் இன்னும் இரண்டு மெஷினும் வந்து சேர்ந்தபின் பாறை ஏறுவது நின்றது. கோடிக்கணக்கான வருடத்து வேலையை அது ஆறு மாதத்தில் முடித்திருந்தது. உரிந்த ஏடுகள் அடிவாரத்தில் பொடிந்து மண்ணாயின. இரண்டாயிரத்து ஒன்பதில் அதில் முருங்கை காய்த்தது. பல்லடம் பஸ்ஸில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, நிமிர்ந்து நிற்கிறது பார் என்று மெச்சிக்கொண்டு போனார்கள். கம்பெனி வேன் அடியில் நிற்கும். கப்பிக் கயிற்றில் வெட்டிய துணி முதலில் ஏறும், அதன்பிறகுதான் தைத்த கட்டு இறங்கும். டிரைவர்களுக்கு அது பழகிவிட்டது.