எங்கள் கடைக் கம்பத்தில் ஒரு நானோ

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்காமல் எங்கள் கடை வாசலில் இருக்கும் இரும்புக் கம்பத்தைத் தடவிக்கொண்டிருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத பாஜு மெலாயு, தலையில் சொங்கோக், காலில் முகம் பார்க்கலாம் போல மினுக்கும் சப்பாத்து. அவருடைய தாயாரும் உறவுக்காரர்களும் சிகாமட்டிலிருந்து இரண்டு காரில் வந்து இறங்கி, உள்ளே வடையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். இவர் மட்டும் கையில் போனை வைத்துக்கொண்டு கம்பத்தை மேலே, கீழே, பின்பக்கம் என்று ஒரு இடம் விடாமல் தடவினார்.

என் கணவர் அப்துல் ஹலீம் என் காதருகே குனிந்தார். “என்ன ஜொஹரா, மாப்பிள்ளைக்குக் கம்பத்துல என்ன வேலை?”

“இரும்பு நல்ல இரும்பான்னு பாக்குறாரு போல. கட்டப்போறது கம்பத்தைத்தானே.”

இந்தச் சம்பந்தம் எனக்கு வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிலோபருக்கு இருபத்தெட்டு வயது. உலு திராமில் எங்கள் கடைக்கு ரொட்டி சானாய் சாப்பிட வருகிறவர்கள் எல்லாம் பில்லோடு சேர்த்து “மகளுக்கு இன்னும் அமையலையா?” என்று ஒரு கேள்வியையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். மாப்பிள்ளை சயீத் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், சொந்த வீடு இருக்கிறது, கெட்ட பழக்கம் இல்லை என்று தரகர் சொன்னார். கம்பத்தைத் தடவுவதைப் பற்றி அவர் சொல்லவில்லை.

நிலோபரிடம் சம்மதம் கேட்டபோது அவள் போட்டது ஒரே ஒரு நிபந்தனைதான். “அந்த வீட்டுல எனக்குன்னு பூட்டு போட்ட ஒரு லாச்சி இருந்தா போதும், உம்மா.” லாச்சிக்காக, ஒரு மேசை இழுப்பறைக்காகவா ஒருத்தி கல்யாணம் பண்ணுவாள்? கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று புரிய வேண்டுமென்றால் என் கணவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூடி என்று ஒன்று இருந்தால் அதை அவர் திறப்பார். காலையில் கடைக்கு வந்ததும் பிரியாணி தேக்சாவில் ஆரம்பித்து உப்பு டின் வரைக்கும் ஒவ்வொன்றாகத் திறந்து, முகர்ந்து, மூடுவார். கடைக்கு அது நல்ல பழக்கம்தான். வீட்டுக்கு வந்தால் மனிதர் நிறுத்த வேண்டாமா? தபாலில் வரும் பார்சல், மகளின் கைப்பை, அவளுடைய மதியச் சாப்பாட்டு டப்பா, என் தைலப் புட்டி எல்லாவற்றையும் திறப்பார். காலியாக ஏதாவது டப்பா அகப்பட்டால் அதற்குள் கடைச் சாமானைப் போட்டு வைப்பார். கேட்டால், “மூடி வெச்சா கெட்டுப் போகும்லா” என்பார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. இருந்தாலாவது சண்டை போடலாம்.

கம்பத்தைத் தடவுவதும் சயீத்தோடு தொடங்கியதல்ல. சில மாதங்களாகவே முன்பின் தெரியாதவர்கள் வந்து தடவிவிட்டுப் போகிறார்கள். ஒரு சீனக் கிழவர், வெள்ளைக்கார ஜோடி, சிங்கப்பூர் கார்களில் குடும்பம் குடும்பமாக ஆட்கள். ஒருத்தராவது ஒரு தே தாரிக் வாங்கிக் குடிக்க வேண்டுமே? எதையோ எழுதுவார்கள், தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். போதைப்பொருள் விவகாரம் என்று என் கணவர் பயந்தார். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நான் பயந்து, ஓதிய தண்ணீரைக் கம்பத்தின் அடியில் ஊற்றினேன். அதற்குப் பிறகு கூட்டம் கூடியதுதான் மிச்சம். இவரும் கம்பத்தைத் துருவித் துருவிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. மூடியுள்ள பொருளைத் தேடிப் பழகிய கண்ணுக்கு ஆணித் தலை போன்ற ஒன்று எப்படித் தெரியும்?

“கெடைச்சிருச்சு!” என்று வாசலில் சத்தம் கேட்டது.

சயீத் உள்ளே வந்து, வடைத் தட்டின் பக்கத்தில் ஒரு பொருளை வைத்தார். சுண்டு விரல் நுனி அளவுக்கு ஒரு சின்ன உலோக உருளை. அடியில் காந்தம் இருந்தது.

“இது ஜியோகேச்சிங், மாமா. உலகம் பூரா டப்பா ஒளிச்சு வெச்சிருக்காங்க. இடம் எங்கன்னு ஆப்புல போடுவாங்க. நாம தேடிக் கண்டுபிடிச்சு, உள்ள இருக்குற தாள்ல பேரெழுதிட்டு, இருந்த எடத்துலயே வெச்சிடணும்.”

“டப்பாவை எடுத்துட்டுப் போவ முடியாதா?”

“முடியாது.”

“அப்ப எதுக்குத் தேடுறீங்க?”

சயீத் அதை விட்டுவிட்டு டப்பாக்களின் அளவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். லார்ஜ், ரெகுலர், ஸ்மால், மைக்ரோ, எல்லாவற்றுக்கும் கடைசியில் நானோ. குலம் கோத்திரம் சொல்வது போல வரிசையாகச் சொன்னார். லாபிஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் தான் வைத்திருக்கும் வாளியின் படத்தை எல்லோருக்கும் காட்டினார். ஒரு ஆட்டுக்குட்டியை உள்ளே உட்கார வைக்கலாம்.

“என் பிள்ளை வெச்சா பெருசாத்தான் வெப்பான்” என்றார் சம்பந்தியம்மா, மகன் பள்ளிவாசல் கட்டிக் கொடுத்துவிட்டது போன்ற முகத்தோடு.

“நானோ வெக்கிறவங்க கஞ்சப் பிசினாறிங்க, மாமா” என்றார் சயீத். “ஒரு சின்னப் பிள்ளை தேடி வந்தா எடுத்துக்க பொம்மை உண்டா, சாவிக்கொத்து உண்டா? இதுல என்ன இருக்கு? நகம் அளவுக்கு ஒரு தாளு. இதை வெச்ச ஆளு ஆப்புல ‘சுண்டுவிரல்’னு பேர் வெச்சிருக்கு. வேலைவெட்டி இல்லாத ஜென்மம்.”

நிலோபர் அப்போதுதான் தட்டில் தே தாரிக் கோப்பைகளோடு வந்தாள். ஒவ்வொருவருக்கும் பதமாக எடுத்துக் கொடுத்தாள். சயீத்திடம் கடைசியாக வந்தாள்.

“சூடா இருக்கு, பாத்துக் குடிங்க. அந்த ஜென்மம் நான்தான்.”

பெண் பார்க்கிற இடத்தில் பெண் முதல் முதலாகப் பேசும் பேச்சா இது? சயீத்துக்கோ அவள் முகம் கண்ணில் படவே இல்லை, டப்பாதான் பட்டது.

“நீங்களா? ஏன் நானோ? இவ்ளோ பெரிய கடை, பின்னாடி ஸ்டோர் வேற இருக்கு. ஒரு நல்ல டப்பா வெக்கக்கூடாதா?”

“வெச்சேன்.” அவள் தட்டைக் கீழே வைத்தாள். “மொதல்ல பெரிய பிஸ்கட் டின்னு வெச்சேன். ஸ்டோர் பக்கத்துல. உள்ள பொம்மை, ஸ்டிக்கர், கலர் பென்சில் எல்லாம் இருந்துச்சு. அத்தா தொறந்தாங்க. பொம்மையைக் கடைக்கு வந்த பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டு, நெத்திலி போட்டு வெச்சாங்க. சிங்கப்பூர்லேர்ந்து தேடி வந்தவங்க நெத்திலியைப் படம் புடிச்சு ஆப்புல போட்டாங்க.”

“அது நீ வெச்சதா?” என்றார் என் கணவர். “நல்ல டின்னா இருக்கேன்னு…”

“அப்புறம் ஐஸ்கிரீம் டப்பா. அதுல சம்பால். அப்புறம் ஒரு சின்னப் புட்டி, அதுல கிராம்பு. கடைசியா விரல் நீளத்துக்கு ஒரு குழாய் வெச்சேன், அத்தா. அதுல பல்குத்துற குச்சி போட்டு மேசை மேல வெச்சீங்க. இந்த நானோவுல நீங்க எதையும் போட முடியாது. அதான்.”

சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டேன். நெத்திலியைப் பார்த்த சிங்கப்பூர்க்காரர்களின் முகம் மனதில் வந்து நின்றது. ஆனால் மகளின் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொந்த வீட்டில், கொஞ்சம் கொஞ்சமாக, ஆணித் தலை அளவுக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

சயீத் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்திருந்தால் இன்றைக்கு எனக்கு மருமகன். அவர் குடிக்கவில்லை.

“மாமா செஞ்சதுல என்ன தப்பு? வீட்டுக்குள்ள மூடி வெக்க என்ன இருக்கு? எங்க வீட்டுல ரூம் கதவுக்கே தாழ்ப்பா கிடையாது. நான் வெக்கிற டப்பாவுல எல்லாம் என்னென்ன போடணும்னு உம்மாதான் எடுத்து வெப்பாங்க.”

“இவன் போனுக்கு பாஸ்வேர்ட் இருந்துச்சு” என்றார் சம்பந்தியம்மா, இன்னொரு வடையை எடுத்தபடி. “நான்தான் எடுக்கச் சொன்னேன். பெத்தவளுக்குத் தெரியாம பிள்ளைக்கு என்ன இருக்குலா?”

என் கணவர் தலையை ஆட்டினார். தன் ஜாதி ஆளை இப்போதுதான் கண்டுபிடித்தவர் போல அவர் முகம் மலர்ந்தது.

நிலோபர் அந்த அம்மாளைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டாள். “மாமி, உங்க வீட்டு மேசை லாச்சிக்குப் பூட்டு இருக்கா?”

“பூட்டா? அலமாக்! எதுக்கு?”

நிலோபர் சயீத்தின் முன்னால் கையை நீட்டினாள். “பேர் எழுதிட்டீங்களா? குடுங்க.” நானோவை வாங்கி, திருகி மூடி, வாசலுக்குப் போய்க் கம்பத்தில் ஒட்டினாள். திரும்பி வந்து எல்லோருக்கும் முன்னால் என்னிடம், “வேணாம் உம்மா” என்றாள்.

என் கணவர் வாயைத் திறந்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. “அவ வேணாம்னுட்டா. நீங்க வாயை மூடுங்க” என்றேன். இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவரிடம் எதையாவது மூடச் சொன்னது அதுதான் முதல் தடவை. மூடினார். சம்பந்தியம்மா மிச்ச வடையைப் பொட்டலம் கட்டித் தரச் சொன்னார். கட்டிக் கொடுத்தேன். இரண்டு காரும் போய்விட்டன. எனக்கு அழுகை வந்தது. ஏன் வராது? பார்த்துப் பார்த்து முடிவு செய்த சம்பந்தம்.

அன்று சாயங்காலம் நிலோபர் போனை என்னிடம் காட்டினாள். சயீத் ஆப்பில் எழுதியிருந்தார்: “டப்பா மோசம். தே தாரிக் பரவாயில்லை.” அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் கடை தே தாரிக் வெறும் ‘பரவாயில்லை’ ரகமாம்!

மறுநாள் காலையில் தேக்சா மூடிகளைத் திறந்து முடித்த கையோடு என் கணவர் வாசலுக்குப் போனார். நான் ரொட்டிக் கல்லருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நானோவைக் கம்பத்திலிருந்து பிடுங்கினார். திருகினார். கடையில் மாவு பிசைந்து தடித்த விரல்கள், உருளை வழுக்கிக்கொண்டே போனது. நகத்தால் நெம்பிப் பார்த்தார். மனிதர் வெள்ளிக்கிழமை தவறாமல் நகம் வெட்டுகிறவர். வெட்டி இரண்டு நாள்கூட ஆகவில்லை. கொஞ்ச நேரம் அதோடு போராடிவிட்டு, இருந்த இடத்திலேயே ஒட்டிவிட்டு உள்ளே வந்தார்.

அதற்குப் பிறகு சாப்பிட வருகிறவர்களிடம் எல்லாம் ஒரே பெருமை. “என் மகளோட டப்பா அந்தக் கம்பத்துல இருக்கு. நான் தொறந்து பாக்கலையே! அவ மேல எனக்கு அவ்ளோ நம்பிக்கை.” கேட்டவர்கள் அவரை மெச்சினார்கள். ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நிலோபர் கல்லாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பிப் போனதும் இவர் மெல்ல என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். “ஜொஹரா, உன் நகம் கொஞ்சம் நீளமா இருக்கும்ல?”

“இருங்க, வர்றேன்” என்று மாடிக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை நகம் வெட்டும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. பத்து விரலையும் ஒட்ட வெட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்து, அவர் முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.