பசு நக்கிய சுவர்

தாணப்பன் குடிக்கமாட்டான். மீன் தொடமாட்டான். வெள்ளிக்கிழமை ஒரு பொழுதுதான் சாப்பாடு. அம்மைவழியில் பெரிய குடும்பம். அக்காளைப் பூதப்பாண்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறது. தம்பி பள்ளிக்கூட வாத்தியார்.

இவ்வளவும் தெய்வநாயகம் பிள்ளை நாலு ஊரில் ஆள் விட்டு விசாரித்துச் சேர்த்தவை. நாகர்கோவிலில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா அவர். பக்கத்து மேசை யூஜின் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"வேய், மகளத்தான் கட்டிக் குடுத்தாச்சே, நீரு இன்னும் மாப்பிள்ளை பாக்கீரா, இல்ல அடுக்களை கட்டக் காண்ட்ராக்டர் பாக்கீரா?"

"ஆளு எப்படின்னு தெரியாண்டாமா வே?"

"ஆளு கிடக்கட்டும். அவன் கட்டின வீட்டப் பாத்தீரா? மணவாளக்குறிச்சியில எங்க அக்கா இசபெலுக்குக் கட்டிக் குடுத்ததே அவந்தான். நான் ஒண்ணும் சொல்லல்ல. ஒரு தரம் வந்து பாத்துட்டு நீரே சொல்லும்."

தெய்வநாயகம் சிரித்தார். யூஜினின் சித்தப்பா மகன் ஏசுஅடிமையும் கொத்தனார். இந்த வேலைக்கு அவனைச் சொல்லி யூஜின் ஏற்கெனவே ஒருதரம் பேசியிருந்தார்.

"உம்ம தம்பிக்கு வேலை வேணும். அதுக்கு இன்னொருத்தன் பொழப்பக் கெடுக்கீரு. சரிதானே?"

யூஜின் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

அடுக்களை மாற்றுவது ஆடம்பரத்துக்காக இல்லை. மனைவி மீனாட்சியம்மாளுக்கு இழுப்பு. பறக்கையில் அவர்கள் இருந்தது அவளுடைய அம்மை வீடு. அவள் பிறந்ததும் அங்கேதான், தன் ஒரே மகள் கோமளவல்லியைப் பெற்றதும் அங்கேதான். தணிந்த ஓட்டுக்கூரை, விறகுப் புகை வெளியேற வழியில்லை. இரண்டு சொல் பேசினால் மூன்றாவது சொல்லுக்கு மூச்சு வராது. டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன் தெய்வநாயகத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"முதல்ல இவங்களப் புகையில இருந்து வெளிய எடுங்க. இன்னும் ரெண்டு வருசம் இதே அடுக்களையில நின்னா நான் பொறுப்பில்ல."

ஆகவே உயரமான புதிய அடுக்களை, புகைப்போக்கி, மேலே ஓட்டுக்குப் பதில் காங்கிரீட் மட்டுப்பா. சிமெண்டுக்குப் பெர்மிட் தேடி ஊரே அலைந்துகொண்டிருந்த காலம் அது. தாணப்பன் கையில் பெர்மிட் இருந்தது.

மாசி மாதம் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை வந்தது. மீனாட்சியம்மாளுக்காக மண்டையப்பம் படைப்பதாக நேர்ந்திருந்தார்கள். தாணப்பனின் ஊர் அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம்தான். கோயிலில் அவனே அவர்களைக் கண்டு வீட்டுக்குக் கூட்டிப் போனான்.

தெய்வநாயகம் தலையை அண்ணாந்து பார்த்தபடியே உள்ளே நுழைந்தார். அத்தனையும் அயினி மரம். கறுத்து மினுங்கும் உத்தரங்கள். ஒன்றின் முனையில் தாமரை மொட்டு, இன்னொன்றில் யாளி முகம், மூன்றாவதில் கிளி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தச்சன் கை.

"பழைய வீடோ?"

"பழைய மரம் அண்ணாச்சி," என்றான் தாணப்பன். "அம்மைக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

அவன் அம்மை காப்பி கொண்டு வந்தாள். மீனாட்சியம்மாள் மூச்சு வாங்குவதைப் பார்த்துத் தன் பாயை எடுத்துப் போட்டு உட்காரவைத்தாள். தெய்வநாயகத்துக்கு மனம் நிறைந்துவிட்டது. அம்மையை இப்படி வைத்திருக்கிறவன் யாரை ஏமாற்றப் போகிறான்?

திரும்பும்போது மீனாட்சியம்மாள்தான் நினைவூட்டினாள்.

"உங்க யூஜின்... அக்கா வீட்டப் பாக்கச் சொன்னாருல்லா? இங்கன பக்கத்துலதானே. ஒரு எட்டுப் போயிட்டு வந்திருவோமா?"

மணவாளக்குறிச்சிக் கடற்கரை வரைக்கும் போகத்தான் செய்தார்கள். கறுப்பு மணலில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. காற்று முகத்தில் அடித்ததும் தெய்வநாயகம் தோளில் கிடந்த நேரியலை மூக்குக்குக் கொண்டு போனார். தென்னைகளுக்கு நடுவே வெள்ளையடித்த வீடு ஒன்று தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

"விரதத்தோட, அம்மன் பிரசாதத்தக் கையில வச்சிக்கிட்டு மீன் காயப்போட்ட முத்தத்துல ஏறச் சொல்லுதியா?"

"நான் கையில வச்சிக்கிட்டு இங்கன நிக்கேன். நீங்க மட்டும் போயிட்டு வாருங்கோ."

"வெளிய நல்லாத்தானே இருக்கு. வெள்ளையடிச்சு எப்படி நிக்குதுன்னு பாரு. வா, பஸ்ஸு போயிரும்."

அவள் அந்த வீட்டை இன்னொருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அவர் பின்னால் நடந்தாள்.

சித்திரையில் வேலை தொடங்கியது. பழைய அடுக்களையும் அதை ஒட்டிய அறையும் ஒரே வாரத்தில் தரைமட்டமாயின. அறையின் நடு உத்தரத்தில் ஒரு இரும்பு வளையம் இருந்தது. மீனாட்சியம்மாளுக்குத் தொட்டில் கட்டிய வளையம். பிறகு கோமளவல்லிக்கும் அதிலேதான்.

"இந்தக் கழிவு மரத்த நான் கொண்டு போயிருகேன் அண்ணாச்சி," என்றான் தாணப்பன். "கூலியில தள்ளிக்கிடுவோம்."

"அந்த ஒரு உத்தரம் மட்டும் கிடக்கட்டுமே," என்றாள் மீனாட்சியம்மாள்.

"கரையான் ஏறின மரம் மைனி. வீட்டுல வைக்கப்படாது."

அவள் கணவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். மரம் வண்டி ஏறியது.

அதே வண்டிகள்தான் மணலோடு திரும்பி வந்தன. சன்னமான, சுத்தமான மணல். மீனாட்சியம்மாள் வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏம்ப்பா, ஆத்து மணலுன்னு சொன்னியே? ஆறு கெழக்க கெடக்கு. வண்டி தெக்க இருந்துல்லா வருது?"

"கெழக்க வழி கெட்டுக் கிடக்கு மைனி. சுத்தி வாறோம்."

தெற்கே போனால் கடல். அது தெரியாதவர்கள் பறக்கையில் யாருமில்லை. அன்று ராச்சாப்பாட்டின்போது அவள் மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"ஒரு பிடி எடுத்து வாயில போட்டுப் பாத்தா தெரிஞ்சிரும்."

"ஏட்டி, மனுசன் முன்னால நின்னு மண்ண நக்கச் சொல்லுதியா? அவன் என்ன நினைப்பான்? நல்ல குடும்பத்துப் பையன்."

அவள் மோரை ஊற்றினாள்.

ஆனி பிறந்தது. புது அடுக்களையில் பால் காய்ச்சினார்கள். புகை நேராகப் போக்கியில் ஏறியது. அந்த ஒரு மாதம் மீனாட்சியம்மாள் மூச்சு வாங்காமல் சமைத்தாள். ஒருநாள் பாடக்கூடச் செய்தாள். தெய்வநாயகம் ஆபீஸில் யூஜினைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். யூஜின் வெறுமனே தலையாட்டினார்.

ஆடிச் சாரலில் தொழுவத்துப் பசு கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து அடுக்களைச் சுவரை நக்கியது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. விரட்டினால் போகும், பின்னாலேயே வந்துவிடும். வைக்கோலை விட்டுவிட்டுச் சுவரை நக்கியது. கன்றும் வந்து நக்கியது. நக்கிய இடத்தில் பூச்சு பொடிந்து உதிர்ந்தது.

மீனாட்சியம்மாள் விரலால் சுவரைத் தொட்டு நாக்கில் வைத்தாள். கணவரைக் கூப்பிட்டாள். அவர் விரலையும் பிடித்துச் சுவரில் வைத்தாள்.

உப்பு.

அவர் அதைத் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. அப்படியே நின்றார்.

ஐப்பசி மழையில் மட்டுப்பாவின் அடிப்பக்கம் வேர்க்கத் தொடங்கியது. ஒழுகினால் பாத்திரம் வைக்கலாம். இது ஒழுகவில்லை, வேர்த்தது. சுவர் பச்சையானது, பிறகு கறுத்தது. அரிசிப் பானை வரை பூசணம். கம்பி போன வழியெல்லாம் துருக் கோடு இறங்கியது. மீனாட்சியம்மாள் இப்போது படுத்துத் தூங்க முடியாமல் தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தே கண் அசந்தாள். புகையில் இரண்டு சொல்லுக்காவது மூச்சு இருந்தது. ஈரத்தில் அதுவும் இல்லை.

டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். சுவரைத் தொட்ட கையைத் துடைத்துக்கொண்டார்.

"காய்ஞ்ச ஊரு ஏதாவது உண்டா, சொந்தக்காரங்க?"

"மகளைக் கோவில்பட்டியில குடுத்திருக்கு."

"உடனே அனுப்புங்க. இந்த வீட்டுக்கு இனிமே கூட்டிட்டு வராதீங்க."

மறுநாள் தெய்வநாயகம் ஆபீஸுக்குப் போகவில்லை. பஸ் ஏறி மணவாளக்குறிச்சியில் இறங்கினார். அந்த வெள்ளை வீட்டு முற்றத்தில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. அதை மிதிக்காமல் நடந்து படியேறினார். இசபெல் ஓலைச்சாய்ப்பின் கீழே சமைத்துக்கொண்டிருந்தாள். யூஜினின் சாயல்.

"பறக்கை சார்தானே? தம்பி சொல்லியிருக்கான். உள்ள போய்ப் பாருங்க. நான் வரல்ல, எனக்கு அதுக்க மணம் பிடிக்காது."

உள்ளே பச்சை, கறுப்பு, துருக் கோடு. அவருடைய அடுக்களையேதான், மூன்று மழை அதிகம் பார்த்தது. ஒரு மூலையில் காங்கிரீட் பெயர்ந்து கம்பி தொங்கியது. வெளிப்பக்கத்துக்கு மட்டும் வருசா வருசம் வெள்ளையடிக்கிறாள், ஊர் சிரிக்கக்கூடாது என்று.

"கொடையன்னிக்கு அந்தத் தென்னையிட்ட நீங்க ரெண்டு பேரும் நின்னீங்க," என்றாள் இசபெல். "நான் பாத்தேன். அம்மா இந்தப் பக்கமே பாத்துட்டு நின்னாங்க. கைகாட்டிக் கூப்பிடலாமான்னு நினைச்சேன். நீங்க மூக்கப் பொத்திக்கிட்டு நின்னீங்க. அதனால கூப்பிடல்ல."

அவள் கொடுத்த கருப்பட்டிக் காப்பியை வாங்கிக் குடித்தார்.

அங்கிருந்து நேரே தாணப்பன் வீடு. அவன் ஒளியவில்லை, பதறவும் இல்லை. "வாருங்கோ அண்ணாச்சி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். தெய்வநாயகம் உட்காரவில்லை. அண்ணாந்து பார்த்தார். தாமரை மொட்டு, யாளி, கிளி. புதிதாக இறக்கியிருந்த முன்தாழ்வாரத்தில் நாலாவதாக ஒரு உத்தரம். அதன் நடுவில் இரும்பு வளையம்.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீடு. மாசியில் இதே இடத்தில் நின்று இதைத்தான் பார்த்து வியந்திருந்தார்.

"அது எங்க வீட்டு மரம்."

"நீங்க தந்ததுதான அண்ணாச்சி. கழிவுன்னு பேசித்தான கொண்டு வந்தேன்."

பேசியது உண்மை. தலையசைத்ததும் உண்மை.

"கரையான் ஏறின மரம்னு சொன்னியேப்பா?"

தாணப்பன் கழுத்தைச் சொறிந்தான்.

"ஊருக்கெல்லாம் காங்கிரீட் வார்க்குத. உன் வீட்டுல ஒரு சட்டி சிமெண்டு இல்லியே. ஏன்?"

உள்ளே அவன் அம்மை இருமும் சத்தம் கேட்டது. தாணப்பன் குரலைத் தாழ்த்தினான்.

"அம்மைக்கு ஈரம் ஆகாது அண்ணாச்சி."

தெய்வநாயகம் படியிறங்கினார். சண்டை போடத்தான் வந்திருந்தார். அதற்கான தெம்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

கோவில்பட்டிக்குப் போகும் அன்று மீனாட்சியம்மாள் அடுக்களைக்குள் போகவில்லை. பசுவின் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். பஸ்ஸில் ஏறியதும் ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"அந்த இசபெல் வீடு... உள்ள எப்படி இருந்து?"

"நம்ம வீடு மாதிரிதான்."

"அன்னிக்கு நான் வாசல்ல நின்னிருப்பேன். நீங்க உள்ள போயிருக்கலாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். அவள் நேரம் என்ன என்று கேட்பதுபோலச் சொன்னாள். பஸ் நகர்ந்தது.

அடுத்த மாசியில் பொன்னுலிங்கம் என்று ஒருவர் பறக்கைக்கு வந்தார். புது நேரியல், கையில் குடை. வீடு எடுத்துக் கட்டுவதற்குத் தாணப்பனிடம் பேச்சு நடக்கிறதாம்.

"அண்ணாச்சியிட்ட ஒரு வார்த்தை விசாரிச்சிட்டுப் போலாம்னு வந்தேன். ஆளு எப்படி? குடும்பம் நல்ல குடும்பமா?"

தெய்வநாயகம் சோறு வடிக்கப் பிடித்திருந்த துணியைத் தோளில் போட்டார்.

"நல்ல குடும்பம். குடிக்கமாட்டான். அம்மைய ராணி மாதிரி வச்சிருக்கான்."

பொன்னுலிங்கத்தின் முகம் மலர்ந்தது. எழுந்துகொள்ளக்கூடச் செய்தார்.

"இரியும்வே. நான் அன்னிக்கு விசாரிச்சது இவ்வளவுதான், நீரும் இத்தோட போயிராதேயும். உள்ள வாரும்."

கையைப் பிடித்து அடுக்களைக்குள் அழைத்துப் போனார். பொன்னுலிங்கம் வாசல்படியிலேயே நேரியலை மூக்குக்குக் கொண்டு போனார். பிறகு சுவரைப் பார்த்தார், மேலே பார்த்தார், வெளியே பசு சுவரை நக்குகிற சத்தத்தைக் கேட்டார்.

கடைசியில், "மைனி எங்க, காணல்ல?" என்றார்.

"கோவில்பட்டியில. அங்க மழை குறவு," என்று தெய்வநாயகம் சொன்னார். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி, ஈர விறகை ஊத ஆரம்பித்தார்.