ஏழு நாள் மலைத் திட்டம்

ஏஜென்ட் இராஜநாயகம் கண்டிப்பாகச் சொன்னார். “மகனைப் பாக்கப் போறம் எண்டு மட்டும் வாய் திறக்கக்கூடாது. நீங்கள் ரெண்டு பேரும் ரூரிஸ்ட். விளங்குதோ?”

வரதராசாவும் மனைவி சிவக்கொழுந்தும் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். தொண்ணூற்றாறாம் ஆண்டு. சாவகச்சேரியிலிருந்து ஷெல்லுக்குத் தப்பி வந்து நாலு மாதம். மகன் சுவிஸில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். அவனைக் கண்டு ஆறு வருடம்.

இராஜநாயகம் ஒரு கையேடும் வரைபடமும் தந்தார். ஆல்ப்ஸ் மலையில் ஒரு தேசியப் பூங்கா. விசாவுக்குக் கேட்கும்போது சொல்ல, அதைப் பார்க்க ஏழு நாளுக்குத் திட்டம் எழுதிப் பாடமாக்க வேண்டுமாம்.

வரதராசா பேப்பர் படித்தார். சிவக்கொழுந்து எழுதினாள். தையல் டீச்சராக இருந்தவள். அளவெடுக்காமல் எதையும் வெட்டமாட்டாள். எந்த ரயில், எந்த பஸ், எந்தப் பாதையில் எத்தனை மணித்தியாலம் ஏற்றம் என்றெல்லாம் குறித்தாள். வரைபடத்தைச் சுவரில் ஒட்டிச் சிவப்புப் பேனையால் கோடு போட்டாள்.

“இஞ்சேருங்கோ, பாதையை விட்டு விலகக்கூடாதாம். இரவு தங்கக்கூடாதாம். நெருப்பு மூட்டக்கூடாதாம். எங்கட வவுனியா ஆமிக் கட்டுப்பாடு மாதிரித்தான் கிடக்கு.”

“பாஸ் எடுக்கவேணுமோ?”

“பாஸும் இல்லை, டிக்கட்டும் இல்லையாம்.”

“அப்ப நம்பேலாது” என்றார்.

அவளுக்கு மர்மொட்டைப் பிடித்துப்போனது. பூனையளவு கொழுத்த மலை அணில். வருடத்தில் பாதி நாள் வளைக்குள் நித்திரை. படத்தில் அச்சொட்டாக வரதராசா. ஆபத்து என்றால் விசில் அடிக்குமாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பொலிஸ் லொட்ஜைச் சோதித்தது. பொலிஸில் பதிந்த துண்டு சரியாக இருந்தது. சுவரில்தான் வில்லங்கம்: மலை, கணவாய், சிவப்புக் கோடு, மணிக்கணக்கு. “மேக்க மொக்கத?” இது என்ன என்று கேட்டான் கான்ஸ்டபிள். ஏதோ தாக்குதல் திட்டம் என்று நினைத்துவிட்டான். இருவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் முன்னால் சிவக்கொழுந்து அரைகுறைச் சிங்களமும் ஆங்கிலமுமாய் முதல் நாள் தொடங்கி ஏழாம் நாள்வரை ஒப்புவித்தாள்.

“நாலாம் நாள் மழை பெய்தால்?” என்று மடக்கினார் அவர்.

“அஞ்சாம் நாளை முன்னுக்குக் கொண்டுவருவன், சேர்.”

“அந்த மிருகம் எப்படி விசில் அடிக்கும்?”

அவள் இரண்டு விரலை வாய்க்குள் வைத்து அடித்தாள். கம்பிக் கூட்டுக்குள் அடைபட்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். வரைபடத்தை மடித்துக் கொடுத்துப் பின்னேரம் லொட்ஜுக்கு அனுப்பினார்.

“நீ எப்ப விசில் அடிக்கப் பழகினனீ?” என்று தெருவில் கேட்டார் வரதராசா.

“கலியாணத்துக்கு முதல். அதுக்குப் பிறகு தேவைப்படேல்லை.”

இரண்டு கிழமை கழித்து எம்பசியில் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். என்ன மிருகம் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு வரதராசா, “யானை” என்றார்.

சிவக்கொழுந்திடம், அங்கே சொந்தக்காரர் உண்டோ என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லத்தான் பாடமாக்கியிருந்தாள்.

“மகன் இருக்கிறான். அவனைப் பாக்கத்தான் போறன். ஆனா மலைக்கும் போவன். எல்லாம் எழுதிப்போட்டன்.”

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் திட்டத்தை வாங்கிப் பொறுமையாக வாசித்தாள். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, அந்த பஸ் ஓடாது என்று திருத்தியும் கொடுத்தாள்.

சிவக்கொழுந்துக்கு மூன்று கிழமை விசா. வரதராசாவுக்கு இல்லை.

“உண்மையையோ சொன்னனீங்கள்?” இராஜநாயகம் தலையில் கைவைத்தார். “என்ர தொழிலை நாசமாக்கப் போறியள், அக்கா!”

சிவக்கொழுந்து கொஞ்ச நேரம் அழுதாள். தான் மட்டும் போகமாட்டன் என்றாள். வரதராசா பேப்பரை மடித்து வைத்தார்.

“பெடியன் பாத்துக்கொண்டிருப்பான். நீ போ. வெளிக்கிடு, சப்பாத்து வாங்குவம்.”

மருதானைக் கடையில் அவள் காலுக்கு ஆம்பிளைச் சப்பாத்துத்தான் கிடைத்தது. கடைக்காரன் பார்த்துக்கொண்டிருக்க, வரதராசா முழங்காலிட்டு லேஸை இழுத்துக் கட்டினார்.

“நோகுதோ?”

“ஓம்.”

“ஒரு சைஸ் பெரிசா எடுங்கோ தம்பி” என்றார் கடைக்காரனிடம். “ஏத்தம் கனக்க இருக்கு.”