அண்ணி விழுங்கிய பிஸ்கட்டுகள்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை, என் அண்ணியிடமிருந்து சுட்டது. அண்ணி ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்ப்பவர். தின்பதற்குச் சம்பளமா என்று வீட்டில் எல்லோருக்கும் வயிற்றெரிச்சல்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கண்ணாடி முன் நின்ற அவள், தாடையில் முளைத்த முடியைத் தடவியபடி கண்ணீர்...

[இங்கேயே நின்றுவிட்டது. அண்ணி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டார்.]

"நான் எப்ப அழுதேன்? பிடுங்குறப்ப தும்மல்தான் வரும்," என்றார். "நாத்தனார் கையில பேனா கிடைச்சா இப்படித்தான்."

2.

மறுபடி தொடங்குகிறேன்.

ருசி அறை சின்னது. வெள்ளைச் சுவர், இடையில் தடுப்பு வைத்த மேசைகள், ஒவ்வொன்றிலும் குடிக்கத் தண்ணீர், துப்புவதற்கு மூடி போட்ட ஒரு கோப்பை. மற்றவர்கள் மென்று, யோசித்து, துப்பிவிடுவார்கள். அண்ணி மட்டும் விழுங்குவார். பிஸ்கட்டின் கடைசி ருசி தொண்டையில்தான் தெரியும் என்பது அவர் கட்சி.*

(* அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: கிரீம் பிஸ்கட் வரும் வாரங்களில் அண்ணி முகத்தில் தனிக் களை இருக்கும். இதை எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை.)

மாதவிலக்கு மாதக்கணக்கில் வராமல் போனது. கழுத்து மடிப்பு கறுத்தது. டாக்டரம்மா சோதித்துப் பார்த்து பி.சி.ஓ.எஸ்., அதாவது சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு, என்றார். கூடவே இன்சுலின் எதிர்ப்பு.

3.

இந்த இடத்தில் அறிவியலை விளக்கியாக வேண்டும். "இன்சுலின் ஒரு சாவி, செல் ஒரு பூட்டு" என்று எழுதி அடித்துவிட்டேன். ஊரே சொல்லித் தேய்ந்த உவமை. டாக்டரம்மா அண்ணியிடம் சொன்னதையே தருகிறேன்.

"சர்க்கரையை உள்ள எடுத்துக்கோன்னு இன்சுலின் சொல்லுது. உங்க உடம்பு அதைச் சரியா காதுல வாங்கிக்கலை. அதனால கணையம் இன்னும் நிறைய சுரக்குது. அந்த அதிகப்படி இன்சுலின் சினைப்பையைத் தூண்டிவிட்டு ஆண் ஹார்மோனைக் கூட்டுது. முடி முளைக்கிறதும் அதனாலதான், மாதவிலக்கு தள்ளிப்போறதும் அதனாலதான்."

"நாக்கு மரத்துப்போற மாதிரியா?" என்று கேட்டார் அண்ணி. "தொடர்ந்து இனிப்பையே ருசி பார்த்தா நாக்கு களைச்சுப் போயிடும். இனிப்பு பத்தலைன்னு சொல்லும். அதை நம்பி இன்னும் சர்க்கரை போட்டா தீர்ந்தோம். நாங்க வாயைக் கொப்பளிச்சுட்டு சும்மா உக்காந்துருவோம்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அச்சு அசல் அதேதான்னு சொல்ல மாட்டேன். ஆனா கிட்டத்தட்ட. மாத்திரை தரேன், சாப்பிட்டதும் நடங்க. முக்கியமா, வேலையில விழுங்காதீங்க."

மாத்திரைக்கும் நடைக்கும் தலையாட்டிய அண்ணிக்குக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் பகீரென்றது.

4.

ஏன் பகீர் என்று சொல்கிறேன். தொழிற்சாலையில் அவ்வப்போது ருசி பார்ப்பவர்களுக்கே பரீட்சை வைப்பார்கள். மூன்று பிஸ்கட், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். இரண்டு ஒரே வகை, ஒன்று வேறு. வேறானதைக் கண்டுபிடிக்காவிட்டால் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றல். விழுங்காவிட்டால் தோற்றுவிடுவோம் என்று அண்ணி நம்பினார். அந்த நாற்காலி அவருக்கு உயிர். பரீட்சை நாளைக் காலை.

நான் அவசரப்பட்டு ஒரு முடிவு எழுதினேன்: மறுவருடம் தொட்டிலில்...

"யாரு கேட்டா?" அண்ணிக்கு நிஜமாகவே கோபம். "பிள்ளை வேணுமா வேண்டாமான்னு நானும் உங்க அண்ணனும் பேசிக்கிறோம். இது என் நாக்கைப் பத்தின கதை."

எனக்கு வெட்கமாகிவிட்டது. தொட்டிலை அடித்தேன்.

5.

சரி, அவர் தொழில் முறைப்படியே மூன்று முடிவுகள் எழுதிக் கொடுத்தேன்.

417: துப்பினார். சரியாகச் சொன்னார். நாற்காலி நிலைத்தது. சாயங்காலம் அண்ணனோடு நடக்கப் போனார்.

862: துப்பினார். தப்பாகச் சொன்னார். பொட்டலப் பிரிவு. சாயங்காலம் அண்ணனோடு நடக்கப் போனார், மேலதிகாரியைத் திட்டிக்கொண்டே.

305: யாரும் பார்க்காதபோது விழுங்கினார். சரியாகச் சொன்னார். நாற்காலி நிலைத்தது. சாயங்காலம் அண்ணனோடு நடக்கப் போனார்.

"இதுல எது வேற, சொல்லுங்க அண்ணி?"

நாற்காலி பறிபோகிறதே, 862 என்பார் என்று நினைத்தேன். அண்ணி மூன்றையும் வாய்க்குள்ளேயே மெல்லப் படித்தார். அவசரமே படவில்லை.

"305," என்றார். "இதுல மட்டும்தான் நான் பயந்துட்டேன்."

என் பேனாவை வாங்கி அதைத் தானே அடித்தார். பிறகு அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டு நடக்கக் கிளம்பிவிட்டார்.

மீதி இரண்டு இருக்கின்றன, வாசகரே. பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் நாளைக்கு அண்ணி துப்பத்தான் போகிறார். அது என் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை.