முதல் முன்னுரிமை: இதர

1

வாசகப் பெருமக்களே, எழுந்து நிற்க வேண்டாம். உட்கார்ந்தபடியே மரியாதையுடன் கேட்டால் போதும். பொதுமக்கள் பாதுகாப்பின் நெடிய வரலாற்றில் ஒரு புதிய சகாப்தம், சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, எங்கள் குடியிருப்போர் சங்கக் கூடத்தில், ஐந்து மின்விசிறிகளில் மூன்று மட்டும் சுற்றிக்கொண்டிருக்க, முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. அதை வருங்காலத் தலைமுறைகளுக்காகப் பதிவு செய்யும் மாபெரும் கடமை என் தலையில் விழுந்திருக்கிறது.

விழவெல்லாம் இல்லை. நான் போனது பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் புகார் சொல்ல. போய் உட்கார்ந்த இரண்டாவது நிமிடத்தில் பக்கத்து வீட்டுக்காரரே பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். “அட, நீங்களும் வந்துட்டீங்களா, சந்தோஷம்” என்று பிஸ்கட் தட்டை நீட்டினார். புகாரை பிஸ்கட்டோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். விழுங்கியது செரிக்கவில்லை. அதனால் இந்தக் கதை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “வானம் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. காவல் நிலையத்தின் படிகளில்—” (நிறுத்திவிட்டேன். வானம் இவ்வளவு சிவந்தால் கட்டாயம் யாராவது சாக வேண்டும். இந்தக் கதையில் யாரும் சாகக் கூடாது என்பதுதான் பேச்சே.)

இரண்டாவது தொடக்கம்: “அதிகாரம் என்பது மக்களிடமிருந்து தொடங்கி, மக்களின் வழியாக—” (எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.)

மூன்றாவது: “விசில் அக்கா அன்றைக்குக் கைப்பையில் ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தாள்.” இது இருக்கட்டும்.

3

விசில் அக்கா தொடக்கப்பள்ளி ஆயா. நாற்பத்தெட்டு வயது. பள்ளிக்கு எதிரே மூன்று தெருக்கள் வந்து முட்டிக்கொள்ளும் முக்கில், தினமும் காலை ஏழு ஐம்பதிலிருந்து எட்டரை வரை நின்று பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுவாள். அது அவள் வேலையில் சேர்ந்தது இல்லை. அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டது. விசிலும் அவளுடையதே. அதே நேரத்தில்தான் புதுக் கட்டடத்துக்கு ஜல்லி ஏற்றிப் போகும் டிப்பர் லாரிகள் அந்த முக்கில் குறுக்கு வழி பிடிக்கும். விசிலை மதித்து லாரி நிற்பதாவது!

கூட்டத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைச் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். சிறுமி வந்துவிட்டாள். இடது கால் செருப்பு வரவில்லை. அதன்மேல் நான்கு சக்கரங்கள் ஏறி இறங்கின.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு கான்ஸ்டபிள். நாளைக்கு நாற்பது நிமிடம். மொத்தக் கதையிலும் பணயமாக இருப்பது அந்த நாற்பது நிமிடம் மட்டும்தான். வேறு பெரிதாக எதையும் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

(செருப்பைப் பற்றி எனக்கே சந்தேகம். விமர்சகர்கள் “மலிவான உருக்கம்” என்பார்கள். இரண்டாம் வரைவில் அதைப் பையிலிருந்து எடுத்துவிட்டுக் குடையை வைத்தேன். குடையோடு கூட்டத்துக்குப் போனவள் வாயே திறக்காமல் திரும்பி வந்துவிட்டாள். மறுபடி செருப்பையே கொடுத்துவிட்டேன்.)

அவள் கிளம்பும்போது வீட்டுக்காரர் கேட்டார்:

“போலீஸ்கிட்டயே செருப்பக் காட்டப் போறியா? உள்ள தூக்கி வெச்சுடுவாங்கடி.”

“கால்ல இருந்து கழட்டிக் காட்டினாதான் தப்பு. பையில இருந்து எடுத்துக் காட்டினா சாட்சி.”

“வக்கீலம்மா, வரும்போது சக்கரை வாங்கிட்டு வா.”

4

கூட்டத்தின் விதிமுறையைக் காவல் நிலையத்திலிருந்து வந்திருந்த பெண் எஸ்.ஐ. ஒன்றரை நிமிடத்தில் சொல்லி முடித்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இந்தப் பகுதியில் காவல்துறை முதலில் எதைக் கவனிக்க வேண்டும் என்று மக்களே சொல்லலாம். அதிக வாக்கு வாங்கிய விஷயத்துக்கு ஆள் ஒதுக்கப்படும். வந்திருப்பவர்கள் முப்பது பேர். தலைக்கு மூன்று சிவப்புப் பொட்டு ஸ்டிக்கர். சுவரில் இருக்கும் அட்டையில் எதற்கு வேண்டுமோ அதன் கட்டத்தில் ஒட்டலாம்.

பிறகு சங்கத் தலைவர் அதையே விளக்கினார். நாற்பது ஆண்டுகள் ஏதோ ஓர் இலாகாவில் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவர்.* மைக்கைப் பார்த்தால் பெற்ற பிள்ளையைப் பார்த்தது போல முகம் மலர்ந்துவிடும்.

“பாதுகாப்பு என்பது ஒரு மலர். அதற்கு ஐந்து இதழ்கள்...”

இரண்டாவது இதழுக்கு வரும்போது மணி ஐந்தே கால். எஸ்.ஐ. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விசில் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் குனிந்து, “அக்கா, இன்னும் மூணு இதழ் பாக்கி. அதுக்குள்ள போய்ச் சக்கரை வாங்கிட்டு வந்துடலாம்” என்றார்.

“உனக்கு எப்படித் தெரியும் சக்கரை?”

“வீட்டுக்காரர் என் கடைக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டார்.”

அட்டையைத் தயாரித்ததும் தலைவர்தான். நான்கு கட்டம். கண்ட இடத்தில் வண்டி நிறுத்துதல். பூங்காப் பெஞ்சில் இளவட்டங்கள் உட்காருதல். (உட்காரத்தானே பெஞ்சு என்று யாரும் கேட்கவில்லை.) வீடுகளில் அதிகச் சத்தம். நான்காவதாக, கீழே மிச்சமிருந்த இடத்தில், இதர.

விசில் அக்கா எழுந்தாள். “சார், பள்ளிக்கூட முக்குல லாரி—”

“அம்மா, உட்காருங்க. அது போக்குவரத்து. நாம இங்க பேசறது பாதுகாப்பு.”

“லாரி மேல ஏறினா அது என்ன கணக்குங்க சார்?”

ஜெராக்ஸ் கடைக்காரர் மட்டும் சிரித்தார். தலைவர் நான்காவது கட்டத்தைப் பெரிய மனதோடு சுட்டிக் காட்டினார். “இதரல எழுதிக்குங்க. யார் குரலையும் நாம நெரிக்கறதில்ல.”

அவள் மார்க்கரை வாங்கிச் சிறிய எழுத்தில் ஒரு வரி எழுதினாள். தன் மூன்று பொட்டையும் அதன் பக்கத்தில் ஒட்டினாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. தொண்ணூறில் மூன்று. கூட்டல் அவளுக்கும் தெரியும்.

* தலைவரை நான் கேலிச் சித்திரமாக்கிவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். முதல் வரைவில் மலருக்கு ஒன்பது இதழ். பாதிக்குப் பாதி குறைத்துத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

5

இனி நடந்ததை நான் திட்டமிடவில்லை என்று சத்தியம் செய்வேன். அவள் தோற்றுத் தலைகுனிந்து வீடு திரும்புவதாகத்தான் எண்ணியிருந்தேன். “சமூகத்தின் செவிட்டுத்தன்மை” என்று ஒரு வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன், அழகான வாக்கியம். வீணாய்ப் போயிற்று.

காரணம் இதுதான். மின்விசிறிக் காற்றில் அட்டை படபடத்ததால், அதன் கீழ் மூலையைப் பிடித்துக்கொண்டு தலைவரின் மச்சான் நின்றார். கண்ட இடத்தில் வண்டி நிறுத்துவதில் எங்கள் பகுதியில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் மூக்குக்கு நேரே அந்தக் கட்டத்தில் பொட்டு ஒட்ட யாருக்கு மனசு வரும்? “வாங்க, வாங்க” என்று ஒவ்வொருவரையும் வேறு விசாரித்தார். பெஞ்சில் உட்காரும் இளவட்டங்களின் அம்மாக்கள் இரண்டாவது வரிசையை முழுக்கப் பிடித்திருந்தார்கள். அதிகச் சத்தம் என்றால் செயலாளர் மகள் டிரம்ஸ் பழகுவது என்று எல்லோருக்கும் தெரியும். செயலாளர்தான் ஸ்டிக்கரே விநியோகித்தார்.

ஆகவே நாட்டுப்பற்றுள்ள குடிமக்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அட்டை முன்னால் நின்று ஆழ்ந்து யோசிப்பது போல மோவாயைத் தடவினார்கள். யார் கண்ணையும் பார்க்காமல் “இதர”வில் ஒட்டிவிட்டுத் திரும்பினார்கள்.

(நானா? சொல்லித்தான் ஆக வேண்டுமா? மூன்றும் அங்கேதான்.)

6

ஜெராக்ஸ் கடைக்காரர் எண்ணினார். வண்டி ஒன்பது, பெஞ்சு ஆறு, சத்தம் நான்கு.

“இதர எழுபத்தொண்ணு. இதரதான் சார் ஜெயிச்சுது.”

கூடம் ஒரு கணம் அசடு வழிந்தது. எஸ்.ஐ. பேனாவை மூடினார்.

“முதல் முன்னுரிமை இதரன்னு எழுதி அனுப்பினா, எனக்கு மேல இருக்கறவங்க என்னைத்தான் கேப்பாங்க. யாருக்கு என்ன இதர, எழுந்து சொல்லுங்க. இடம், நேரம் எழுதிக்கறேன்.”

விசில் அக்கா எழப் போனாள்; தலைவர் “உட்காருங்க” என்று கையமர்த்தினார். மற்ற எல்லோரும் தலையை அண்ணாந்து, ஓடாத இரண்டு மின்விசிறிகள் எவை என்று ஆராய ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என் காதருகே வந்தார்.

“நானும் இதரதான் சார். நம்ம தெருவுல யாரோ, எழுதினதையே திரும்பத் திரும்பச் சத்தமாப் படிக்கறாங்க. நாய்கூடப் பதறிப்போய்க் குரைக்குது. எந்த வீடுன்னுதான் தெரியல.”

“அப்படிங்களா,” என்றேன். இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.

எஸ்.ஐ. எழுந்து அட்டைக்குப் போனார். எழுபத்தொரு பொட்டுக்கு அடியில் ஏதோ எழுத்து தெரிந்தது. நகத்தால் ஒவ்வொரு பொட்டாக உரித்து மச்சானின் உள்ளங்கையில் ஒட்டினார். பதினோரு பொட்டு உரிந்ததும் வரி முழுதாக வந்தது. வாய்விட்டுப் படித்தார்: “பள்ளி முக்கு. காலை 7.50 முதல் 8.30 வரை. டிப்பர் லாரி. பிள்ளைகள்.”

“இது யாரு எழுதினது?”

விசில் அக்கா முன்னால் போனாள். பையைத் திறந்து, மேஜைமேல் மைக்குக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் நடுவே அந்தச் செருப்பை வைத்தாள். காகிதம் போலத் தட்டையாக இருந்தது. அதன் வாரில் பிளாஸ்டிக் முயல் ஒன்று. அதற்குக் காது மட்டும் மிச்சம்.

எஸ்.ஐ. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “புள்ளைக்கு?”

“ஒண்ணும் இல்லைங்க மேடம். அடுத்த நாளே வந்துடுச்சு. அவங்க அக்கா செருப்பைப் போட்டுக்கிட்டு.”

“இடம் இருக்கு, நேரம் இருக்கு,” என்று எஸ்.ஐ. பேனாவைத் திறந்தார். “வேற யாராவது இதரல எழுதணுமா? இல்லையா? அப்ப எழுபத்தொரு பேரோட ஓட்டும் இதுக்குத்தான்.”

(அறையில் இருந்ததே முப்பது பேர். யாரும் திருத்தவில்லை.)

வருகிற திங்கள் முதல் மூன்று மாதம், தினமும் நாற்பது நிமிடம், ஒரு கான்ஸ்டபிள். படிவத்தில் கையெழுத்து, முத்திரை. விசில் அக்கா நாற்காலிக்குத் திரும்பி வந்து, ஜெராக்ஸ் கடைக்காரரின் முழங்கையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

“அய்யோ அக்கா!”

“சும்மா. நெசமான்னு பாத்தேன்.”

“அதுக்கு உங்களையில்ல கிள்ளிப் பாக்கணும்!”

7

தலைவர் லேசில் விழுகிற ஆளில்லை. மைக் மறுபடி அவர் கைக்கு வந்திருந்தது.

“இதர என்ற கட்டத்தைச் சேர்க்கச் சொன்னதே நான்தான் என்பதை இந்த நேரத்தில் அடக்கத்தோடு...”

கைதட்டல். மச்சானும் தட்டினார், உள்ளங்கைப் பொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அவதிப்பட்டார்.

“இந்த மகத்தான திட்டத்தைத் திங்கட்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு, பள்ளி முக்கிலேயே, விழா எடுத்துத் தொடங்கி வைப்போம்!”

விசில் அக்கா கையைத் தூக்கினாள். “சார், திங்கக்கிழமைங்களா? அது வந்து—”

“நன்றியெல்லாம் அங்க வந்து சொல்லலாம் அம்மா. உட்காருங்க.”

அவள் உட்கார்ந்தாள். சர்க்கரை வாங்குவதற்குள் கடை மூடிவிடுமே என்று உடனே எழுந்தும் போய்விட்டாள்.

8

முடிவு வேண்டும். கைவசம் மூன்று இருக்கின்றன.

அ. மேலிடத்திலிருந்து படிவம் திரும்பி வருகிறது: “‘இதர’ என்பதை மூன்று பிரதிகளில் தெளிவுபடுத்துக.” (நம்பும்படி இருக்கிறது. அதனாலேயே பிடிக்கவில்லை.)

ஆ. லாரிக்காரர்கள் சங்கம் அமைத்து, அடுத்த கூட்டத்தில் ஆளுக்கு மூன்று பொட்டோடு வந்து— (வேண்டாம். யாராவது இதைப் படித்துவிட்டுச் செய்து தொலைப்பார்கள்.)

இ. திங்கட்கிழமை. ஏழு நாற்பதுக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள். பள்ளி முக்கின் குறுக்கே ரிப்பன். கத்தரிக்கோலோடு தட்டு ஏந்தியபடி மச்சான். கையில் உரையோடு தலைவர். இந்த முறை பாதுகாப்பு ஒரு கலங்கரை விளக்கம். படம் பிடிக்க ஜெராக்ஸ் கடைக்காரர். எஸ்.ஐ. ஓரமாக நிற்கிறார். சாலையின் நடுவே இளம் கான்ஸ்டபிள் ஒருவர், வெள்ளைக் கையுறை, மடிப்புக் கலையாத சட்டை. தூரத்தில் டிப்பர் லாரியின் உறுமல்.

இதைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன். ஒரே ஒரு குறை: விசில் அக்காவைக் காணவில்லை. பத்தி முழுக்கத் தேடிவிட்டேன். விழா நாயகி இல்லாமல் விழாவா என்று அவள் வீட்டுக்கு ஆளனுப்பலாமா என்றுகூட யோசித்தேன்.

லாரி திருப்பத்தில் தெரிகிறது. கான்ஸ்டபிள் கையை உயர்த்துகிறார். தலைவர் மூச்சை இழுத்துப் பிடிக்கிறார். லாரி நிற்குமா? நின்றால் மக்கள் வென்றார்களா, சட்டமா, அல்லது எழுபத்தொரு பேரின் கூச்சமா? ஒரு காகிதக் கட்டத்தில் எழுதிய வரிக்குப் பத்து டன் ஜல்லியை நிறுத்தும் வலு உண்டா? இவ்வளவு கனமான கேள்விக்கு விடை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. உயர்த்திய கையை அப்படியே உங்களிடம் ஒப்படைக்கிறேன். நிறுத்துவதோ, போக விடுவதோ, பிள்ளைகளை வரிசையாகக் கடத்திவிடுவதோ உங்கள் விருப்பம்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை.