திரும்பி வராதவை

ட்ரோன் பறக்கவிடும் அந்தக் கம்பெனியில் அவளுக்குப் பெயர் கறார் அக்கா. பைலட்டுகள் வைத்த பெயர். அவர்களில் ஒருவன் அவள் கணவன். வேலை நேரத்தில் அவனும் அப்படித்தான் கூப்பிடுவான், கொழுப்பு.

காரணம், சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகை. யார் எவ்வளவு நேரம் பறக்கவிட்டார்கள், படம் சரியில்லாமல் எத்தனை வேலைக்கு மறுபடி போனார்கள், எத்தனை ட்ரோன் போன இடத்திலேயே தொலைந்தது என்று மாதாமாதம் ஆளுக்கொரு வரி எழுதுவாள். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு, ‘திரும்பி வராதவை’. அளக்காமல் தொழில் செய்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிடும் என்பாள். சரிதான். ஆனால் ஒன்றைப் பற்றி மட்டும் அவளும், கம்பெனியின் இன்னொரு பங்குதாரரான கொழுந்தனும் மூச்சே விடவில்லை. எல்லா ட்ரோனுக்கும் இன்சூரன்ஸ் இருந்தது. தெரிந்தால் பைலட்டுகளுக்குக் குளிர்விட்டுப் போகுமாம்.

போன வருஷம் கணவன் இரண்டு தொலைத்தான். ஒன்று ஏரியில், ஒன்று எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. சும்மா இருந்தாளா மகராசி? “வீட்டுச் சாவியவே தினம் தொலைக்கிறவரு, ஆகாசத்துல தொலைக்க மாட்டாரா?” என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். வெளியே சிரித்து உள்ளே வைத்துக்கொள்கிற ஆள் என்று கூடக் குடித்தனம் நடத்துகிறவளுக்குத் தெரிய வேண்டாமா?

அப்புறம் ஒரு தொழிற்சாலைக் கூரையைப் படமெடுக்கப் போன இடத்தில் காற்று தள்ளி, ட்ரோன் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் மாட்டிக்கொண்டது. போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஏறினான். இறங்க ஏணிக்கு இரண்டு கை வேண்டும். ஒரு கையில் ட்ரோன் இருந்தது. மல்லாக்க விழுந்தவனின் நெஞ்சின் மேல் அது கீறல்கூட இல்லாமல் கிடந்தது. கழுத்துக்குக் கீழே இனி எதுவும் அசையாது என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இன்று காலை, உயர் மின்கோபுரங்களைப் படமெடுக்கும் வேலையைப் பற்றிப் பேச ஒரு எஞ்சினியர் வருவதாக இருந்தது.

“அண்ணி, அண்ணன் விழுந்த மாசம் அவர் வரியில கடைசிக் கட்டம் காலியா இருக்கு. வர்றவரு மொதல்ல அதைத்தான் பாப்பாரு” என்றான் கொழுந்தன்.

பேனாவை எடுத்துப் பூஜ்யம் போட்டாள்.

எஞ்சினியருக்குப் பலகை பிடித்துப்போயிற்று. “பரவாயில்லையே! சரி, ஒருவேளை ட்ரோன் தொலைஞ்சா?”

“எல்லாத்துக்கும் ஆரம்பத்துலேர்ந்தே இன்சூரன்ஸ் இருக்கு சார்” என்றான் கொழுந்தன், கொஞ்சம் பெருமையாகவே.

வாசல் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த மூத்த பைலட் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். சாயங்காலம் ஆனால் அவர்தான் அவள் கணவனோடு பேசிக்கொண்டிருக்க வீட்டுக்கு வருகிறவர். அவர் வாயால் அவன் இதைக் கேட்கக் கூடாது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் கொழுந்தன் கூப்பிடக் கூப்பிட, அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கழுத்துப் பட்டையோடு மல்லாந்து கிடந்தவன் கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தான். “என்ன, சீக்கிரமே வந்துட்ட? போர்டு எழுதியாச்சா? நம்ம வரி?”

“பூஜ்யம்.”

“பாத்தியா!” அவன் முகத்தில் இத்தனை நாளில் இப்படி ஒரு வெளிச்சம் வந்ததில்லை. “காப்பாத்திட்டேன்ல? இனிமே சாவிக் கதை பேசுவியா நீ?”

“அதுக்கு இன்சூரன்ஸ் இருந்துச்சுங்க.”

“எதுக்கு?”

“ட்ரோனுக்கு. எல்லாத்துக்குமே. சொன்னா அலட்சியமா இருப்பீங்கன்னு சொல்லல.”

அவன் கத்துவான் என்று காத்திருந்தாள்.

“என்னை அந்தப் பக்கம் திருப்பி விடு” என்றான்.

தோளுக்கு ஒரு கையும் இடுப்புக்கு ஒரு கையும் கொடுத்து, நர்ஸ் காட்டிக்கொடுத்தபடி, மெல்ல அவனைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். முதுகுக்குத் தலையணை வைத்தாள்.

“போதுமா?”

“இன்னும் கொஞ்சம்.”

இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.