மூன்று விரல்களும் ஒரு பேக்கப்பும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் கதவுக்குக் கீல் செய்யும் ஆதி பிரஸ் கம்பெனியில், ஆயுத பூஜைக்கு உடைத்த பூசணிக்காய் மறுநாள் காலை கேட்டுக்கு உள்பக்கம் முழுசாக உட்கார்ந்திருந்தது. உள்ளே கொட்டிய குங்குமம் இல்லை, மேலே ஏற்றிய கற்பூரத்தின் கரியும் இல்லை. காவலாளி கோபால் அதைத் தட்டிப் பார்த்தார், நல்ல காய்தான் என்று சொல்லி ஓரமாக நகர்த்தி வைத்தார். வாழைக்கன்றும் மெஷின்களில் வைத்த சந்தனப் பொட்டும் காணாமல் போயிருந்தன. மேனேஜர் பூவராகவன் பூஜைக்காக மழித்த மீசை அவர் முகத்துக்கே திரும்பி வந்திருந்தது. அவர் அதைத் தடவிக்கொண்டே வந்து பார்த்தபோது, கம்ப்யூட்டர் அறையில் சுகிர்தா டேட்டாபேஸைப் பூஜைக்கு முந்தின நாளுக்கு மீட்டெடுத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனியில் யார் வந்தார்கள், எந்த மெஷின் எத்தனை கீல் அடித்தது, கிடங்கில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அந்த டேட்டாபேஸில்தான் இருந்தது. அதற்குப் பேக்கப் மென்பொருளை அமைத்தவள் சுகிர்தா. ஞாயிறுதோறும் முழு நகல், தினமும் அன்றைய மாற்றங்கள், நடுவில் நிமிஷத்துக்கு நிமிஷம் நடப்பதன் பதிவுகள் என்று எல்லாவற்றையும் தனி டிஸ்கில் சேர வைத்தாள். முதலாளி ஆதிகேசவன் அதில் ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார். பேக்கப் வெற்றி என்ற மெயில் தனக்கு வர வேண்டும், தோல்வி என்ற மெயில் தனக்கு வரவே கூடாது. வாழ்க்கையில் அந்தச் சொல்லைத் தான் பார்த்ததில்லை என்றார். சுகிர்தா தோல்விகளைத் தன் மெயிலுக்குத் திருப்பிவிட்டாள். எடுத்து வைத்தது திரும்ப வருகிறதா என்று பார்க்காமல் அதைப் பேக்கப் என்று சொல்லக் கூடாது என்பது அவள் கட்சி. சோதனைக்கு இன்னொரு கம்ப்யூட்டர் கேட்டதற்கு ஆதிகேசவன், உள்ளதிலேயே பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவளும் உள்ளதிலேயே பார்த்தாள். பூசணிக்காய் வந்தது அப்படித்தான்.

இதன் சட்டம் ஒரு வாரத்தில் சிப்காட் டீக்கடை முழுக்கத் தெரிந்துவிட்டது. மதில் சுவருக்குள் இருக்கிற ஆளும் பொருளும் மீட்கிற நாளுக்கே திரும்பிப் போகும், வெளியே போனது போனபடி இருக்கும், நினைப்பு மட்டும் யாருக்கும் அழியாது. தக்காளி விலை பேசுகிற அதே குரலில் இதையும் பேசினார்கள். ஆதிகேசவனுக்கோ எல்லாம் தன் பக்தியின் பலன் என்று தோன்றியது. பூஜையை மறுபடி போடச் சொல்லி, போன சந்தனத்துக்கு ஈடாக ஒரு கை நிறைய அள்ளி, சர்வர் காற்று இழுக்கிற வாயிலேயே அப்பினார். ஒரு பொட்டு போதும் சார் என்று சுகிர்தா சொல்லிப் பார்த்தாள். முதலாளி வைத்தால் அது பொட்டு மாதிரி இருக்கக் கூடாது என்று பதில் வந்தது.

தகட்டை அழுத்திக் கீலாக்குகிற பிரஸ் மெஷினை ஓட்டுகிற எபினேசர் கவரைப்பேட்டைக்காரர். சுகிர்தாவும் அதே ஊர், அதே ரயில். மதியச் சாப்பாட்டு நேரத்து கேரம் போர்டில் இருவரும் ஜோடி, சிப்காட்டில் அந்த ஜோடியை ஜெயித்தவர்கள் கிடையாது. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற ஒளிக்கதிர் ஒன்று அந்த பிரஸ்ஸில் இருந்தது. அது அடிக்கடி மெஷினை நிறுத்தி வேலையைக் கெடுக்கிறது என்று ஆதிகேசவன் பூஜைக்கு முன்பே அணைக்கச் சொல்லியிருந்தார். மறுபடி போட்ட பூஜை முடிந்த அடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை பிரஸ் இறங்கியபோது எபினேசரின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிஞ்சின. நசுங்கிய கல்யாண மோதிரத்தை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்து மனைவி கிரேஸிடம் கொடுத்தார்கள்.

சுகிர்தா அன்றைக்கே முதலாளி அறைக்குப் போய், திங்கட்கிழமைக்கு மீட்டெடுக்கலாம் என்றாள். கிடங்கில் லாரிக்குக் காத்திருக்கிற கீலெல்லாம் மறுபடி தகடாகிவிடுமே என்று ஆதிகேசவன் நிஜமாகவே வருத்தப்பட்டார். எபினேசருக்குக் கேட்டில் ஒரு நாற்காலி போட்டுத் தரலாம் என்றும் சொன்னார். நாற்காலி என்கிற இடத்தில் அவர் குரல் தழுதழுத்தது.

அந்த வெள்ளிக்கிழமை, எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. தலைச்சாயம் பூசிக்கொண்டு போய் வாங்கி வந்தார். சான்றிதழ் அவர் நாற்காலிக்கு மேலே ஏறியது. டேட்டாபேஸிலும் அவர் பெயருக்கு முன்னால் டாக்டர் சேர்ந்தது, அதைச் சேர்த்தவளும் சுகிர்தாதான். எபினேசர் கட்டுப் போட்ட கையோடு சாப்பாட்டு அறைக்கு வந்து இடது கையால் ஸ்ட்ரைக்கரைச் சுண்டிப் பார்த்தார். அது பூவராகவனின் சாம்பாரில் போய் விழுந்தது.

"வேற ஜோடி பார்த்துக்கம்மா," என்றார். "என்னை வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"சாம்பார்ல பாக்கெட் இல்லண்ணா, அதான் மிஸ்ஸு. நீ வர்ற வரைக்கும் போர்டு மூடியே இருக்கட்டும்," என்றாள் சுகிர்தா.

சில நாளில் சந்தனம் காய்ந்து பொடியாகி உள்ளே இறங்கி, சர்வர் சூடேறி, டேட்டாபேஸ் இருந்த டிஸ்க் செத்தது. யார் சம்பளம் எவ்வளவு, எந்தக் கீல் எந்தக் காருக்கு என்று தெரியாமல் கம்பெனி நின்றது. சுகிர்தா பதறவில்லை. பேக்கப் டிஸ்கைச் சந்தனம் எட்டாத அலமாரியில் அவள் வைத்து வெகுநாள் ஆகியிருந்தது. புது டிஸ்கை மாட்டி, எந்த நிமிஷத்துக்கு மீட்பது என்று மட்டும் கேட்டாள். கடைசி நிமிஷத்துக்கு என்றார் ஆதிகேசவன், நடுவில் அந்தச் செவ்வாய்க்கிழமையை வேண்டுமானால் விட்டுவிடலாமே என்றும் தாராளமாகச் சொன்னார்.

"பதிவுங்கல்லாம் ரயில் மாதிரி சார். மீஞ்சூர் தாண்டாம பொன்னேரி வராது. உங்க பட்டம் வரணும்னா அந்த ஆளு விரல் போன நாளத் தாண்டித்தான் வரணும்."

ஆதிகேசவன் சான்றிதழை அண்ணாந்து பார்த்தார். "தாண்டட்டுமே," என்றார்.

சுகிர்தா, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். "அந்த சர்ட்டிபிகேட்ட ஊட்டுக்கு எடுத்துக்கினு போய்டுங்க சார். வெளிய போனது அழியாது. அந்தத் திங்கட்கிழமைக்குப் போனா, உள்ள நீங்க இன்னும் பட்டம் வாங்காத ஆளு. மறுபடியும் வாங்கலாம்."

"மறுபடியுமா?"

"ஒரு தபா வாங்கினவங்க தெருவுக்குத் தெரு இருக்காங்க சார். ரெண்டு தபா வாங்கினவங்க யாரும் இல்ல."

சான்றிதழ் அரை மணி நேரத்தில் காரில் ஏறிப் போனது.

சுகிர்தா சர்வரின் வாயிலிருந்த சந்தனத்தை ஊக்கால் சுரண்டி, மறுபடி வராதபடி மதிலுக்கு வெளியே எறிந்தாள். எபினேசரைச் சாப்பாட்டு அறையில் கேரம் போர்டுக்கு முன்னால் உட்கார வைத்தாள். விபத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முழு நகலை இறக்கி, பதிவுகளைத் திங்கட்கிழமை சாயந்திரம் வரை ஓட்டி, அங்கே நிறுத்தினாள். மீட்பு முடிந்தது என்று திரையில் எழுத்து வந்தபோது கிடங்குக் கீல்கள் தகடாகியிருந்தன. ஆதிகேசவன் தலை நரைத்திருந்தது. சுகிர்தா யாரையும் பார்க்காமல் நேராக பிரஸ்ஸுக்குப் போய், அணைந்தே திரும்பி வந்திருந்த ஒளிக்கதிரைப் போட்டுவிட்டு, அந்தச் சுவிட்சுப் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் சாப்பாட்டு அறைக்கு வந்தாள். எபினேசர் வலது கையாலேயே சிவப்புக் காயைப் போட்டு, அதற்கு ஃபாலோ காயும் போட்டிருந்தார்.

"இன்னா பார்த்துக்கினு நிக்கிற, உன் ஆட்டம்," என்றார்.

ஆதிகேசவன் அதே மண்டபத்தில் மறுபடி பட்டம் வாங்கினார். கேட்டில் இப்போது டாக்டர் டாக்டர் ஆதிகேசவன் என்று பலகை தொங்குகிறது. பெயின்டருக்குக் கை தவறிவிட்டது என்று லாரிக்காரர்கள் நினைக்கிறார்கள். எபினேசரின் விரலில் மோதிரம் முழுசாக இருக்கிறது. வீட்டு டப்பாவில் இருந்த வெட்டுப்பட்ட மோதிரத்தைக் கிரேஸ் பொன்னேரியில் கொடுத்து ஒட்ட வைத்துத் தன் விரலில் போட்டுக்கொண்டாள். ஒட்டிய இடத்தில் ஒரு கோடு தெரியும். ரயிலில் யாராவது கேட்டால், இது என் வீட்டுக்காரரோட போன விரல் மோதிரம் என்பாள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் கொடுப்பார்கள்.